தரைதட்டிய எம்டன்: ஒரு நிழற்படமும் அது சொல்லாமல் விட்டவையும்

அரபுக் கல்லூரியில் ஃபிக்ஹுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. குற்றவியல் பகுதியில் உயிர்ச்சேதத்தின் வகைகளை விளக்கிக்கொண்டிருந்தோம். தெரிந்து, எண்ணிச் செய்வது ‘அம்து’; எண்ணாமல் தவறுதலாக நேர்வது ‘கதஉ’. ‘அம்தன்’ என்றால் ‘வேண்டுமென்றே’ என்று பொருள் கூறியபோது, பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்தார். “ஹஜ்ரத், எங்கள் தெருவில் சூழ்ச்சிக்காரனை எம்டன் என்பார்கள். அது இந்த அம்தன் என்னும் சொல்லின் திரிபா?” என்று கேட்டார். அவர் ஒலிமுகமதுபேட்டைப் பிள்ளை. காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி ஓட்டுவோரும், ஜரிகை விற்போரும், பேருந்து நிலையத்தில் கூவுவோரும் அந்தச் சொல்லை ஒரே பொருளில்தான் வழங்குகின்றனர். ஏமாற்ற முடியாதவன், எதற்கும் அஞ்சாதவன், கொஞ்சம் கண்டிப்பானவன், கொஞ்சம் கள்ளத்தனம் உடையவன், இத்தனையும் அதற்குள் அடக்கம்.

வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். சொல்லாராய்ச்சி பிழையானதுதான். எம்டன் என்பது ஜெர்மனியில் எம்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் உள்ள ஒரு துறைமுக நகரம். அந்நகரின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னையைக் குண்டுவீசித் தாக்கியது. இக்கப்பலிலிருந்தே அச்சொல் தமிழுக்கு வந்தது. மறுநாள் நூலொன்றில் அச்சாகியிருந்த அக்கப்பலின் நிழற்படத்தை வகுப்புக்கு எடுத்துச் சென்று காட்டினோம். நொறுங்கிய ஒரு நீராவிக் கப்பல் பவளப்பாறைக் கரையில் கிடக்கும் படம் அது. “தோற்றுப்போன கப்பல்” என்றார் ஒருவர். கேள்வி கேட்ட மாணவரோ நெடுநேரம் பார்த்துவிட்டு, “இதில் ஆள் யாரையும் காணோமே, ஹஜ்ரத்” என்றார்.

இக்கட்டுரை அவருடைய அந்த இரண்டாம் சொல்லிலிருந்து எழுந்தது.

படத்தில் தெரிவன

எம்டனின் சிதைவைக் காட்டும் நிழற்படங்கள் பல. வெவ்வேறு நாள்களில் வெவ்வேறு கைகள் எடுத்தவை அவை. ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் அவற்றுள் பல பாதுகாக்கப்படுகின்றன. பெரும்பாலானவை ஒரே அமைப்பைக் கொண்டவை. படத்தின் நடுவே கப்பலின் நீண்ட உடல் கிடக்கிறது. மூன்று புகைபோக்கிகள் நின்ற இடத்தில் நெளிந்து சரிந்த இரும்புக் குவியல். முன்மரம் இல்லை. பின்புறத்தில் ஒற்றைக் கொடிமரம் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. அடியில் பாறையின்மீது அலை வெண்ணுரையாக உடைகிறது. மேலே மேகமும் வெளிச்சமுமற்ற வெறும் வானம். மனித உருவத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பல படங்களில் தேடினாலும் கிடைப்பதில்லை.

இக்கப்பல் 1908இல் டான்சிக் நகரில் கடலில் இறக்கப்பட்டது. ஏறத்தாழ 3,600 டன் எடையுடையது. விசைச்சக்கர எந்திரங்கள் கடற்படைகளில் புகுந்துகொண்டிருந்த காலத்தில், பழைய முறையில் உந்துதண்டு மேலும் கீழும் இயங்கும் நீராவி எந்திரத்தைக் கொண்டிருந்தது. சீனக் கடற்கரையில் வெள்ளை வண்ணம் பூசி நின்ற நாள்களில் ‘கிழக்கின் அன்னம்’ என்று புகழப்பட்டது. அந்த அழகை அறிந்தவர்க்குத்தான் இப்படம் முழுப் பொருளையும் தரும்.

அரபு இலக்கியம் பயின்றோர்க்கு இத்தகைய காட்சி புதிதன்று. அறியாமைக் காலக் கவிஞர்கள் தம் கஸீதாக்களைப் பாழிடத்தின்முன் நின்றே தொடங்கினர். கூடாரம் பெயர்க்கப்பட்ட இடத்தில் எஞ்சிய கல்லையும் சாம்பலையும் கண்டு, அங்கு வாழ்ந்தோரை நினைந்து அழுதனர். இம்ரவுல் கைஸின் முஅல்லகாவும் அவ்வாறே தொடங்குகிறது. அக்கவிஞரின் கண் எஞ்சிய பொருளில் தொடங்கி, அங்கிருந்த மனிதரிடம் சென்றது. எம்டன் படமோ எஞ்சிய பொருளிலேயே நின்றுவிடுகிறது. மனிதரிடம் செல்வதற்கான வழியை அது தருவதில்லை. இப்படத்தின்மீது நாம் வைக்கும் முதல் குறை இதுவே.

அறிவிப்பாளர் தொடர்

நிழற்படம் பொய் சொல்லாது என்பது பொதுநம்பிக்கை. ஹதீஸ் கலையில் பழகியவர் அவ்வளவு விரைவில் ஒப்பமாட்டார். எந்தச் செய்தியாயினும் அதற்கு இரு பகுதிகள் உண்டு. ஒன்று இஸ்னாத், யார் யாரிடமிருந்து பெற்று யாருக்குச் சொன்னார் என்னும் தொடர். மற்றொன்று மத்ன், சொல்லப்பட்ட பொருள். நிழற்படமும் ஒரு கபர், ஒரு செய்திதான். ஒரே இடத்தில் நின்ற ஒரே கண் தந்த செய்தி. எனவே அதன் தொடரையும் விசாரிக்க வேண்டும்.

எம்டன் படங்களின் தொடர் வெற்றிபெற்றவரிடமிருந்து தொடங்குகிறது. 1914 நவம்பர் 9ஆம் நாள் காலை, கோகோஸ் தீவுகளின் அருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பலான சிட்னி எம்டனை எதிர்கொண்டது. சிட்னியின் பீரங்கிகள் பெரியவை. தொலைவிலிருந்தே தாக்க வல்லவை. இரண்டு மணி நேரத்திற்கும் குறைந்த போரில் எம்டன் உருக்குலைந்தது. சிட்னியின் தலைவர் கிளாசப், எம்டன் தரைதட்டியது, அதன் கதை முடிந்தது என்னும் பொருள்படச் செய்தி அனுப்பினார். படத்திற்கு வாய்த்த முதல் விளக்கவுரை அதுவே எனலாம். பின்வந்த செய்தித்தாள்களும் அஞ்சலட்டைகளும் வரலாற்று நூல்களும் அவ்வுரையின் பொருளிலேயே படத்தை அச்சிட்டன. நம் கைக்கு வந்த நூலிலும் அதுவே. தொடரின் எந்தக் கண்ணியிலும் தோற்ற தரப்பினர் இல்லை. கடற்கரை நகரத்து மக்களும் இல்லை.

செய்திகளில் பொய் புகும் காரணங்களை இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் வரிசைப்படுத்துகிறார். பக்கச்சார்பு, அறிவிப்பவர்மீது கொண்ட மிகை நம்பிக்கை, நிகழ்வின் நோக்கத்தை அறியாமை ஆகியவை அவற்றுள் சில. எம்டன் படத்தில் பொய் எதுவும் இல்லை. ஆயினும் அவர் கூறிய மூன்றாம் குறை அதில் உண்டு. படத்தை மட்டும் காண்பவர், புயலில் சிக்கியோ மாலுமியின் கவனக்குறைவாலோ கப்பல் பாறையில் மோதியதாக எண்ணுவார். உண்மை வேறு. கப்பல் இனிப் போரிட இயலாது என்று கண்ட அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லர், எஞ்சிய தம் ஆட்களைக் கடலில் மூழ்கவிடாமல் காக்கவும், கப்பல் பகைவர் கையில் சிக்காதிருக்கவும், வடக்குக் கீலிங் தீவின் பாறைமீது தாமே அதைச் செலுத்தினார். அது ‘கதஉ’ அன்று, ‘அம்து’. மாணவரின் சொல்லாராய்ச்சி பிழையாயினும், அச்சொல் அக்கப்பலின் முடிவுக்குப் பொருந்தவே செய்கிறது.

படம் ஏன் தேவைப்பட்டது?

உடைந்த கப்பல்கள் உலகில் எத்தனையோ. இந்த ஒன்றின் படம் ஏன் இவ்வளவு பரவியது? அதற்கு முந்தைய இரு மாதங்களை அறிய வேண்டும்.

1914 செப்டம்பரில் வங்காள விரிகுடாவில் நுழைந்த எம்டன், இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தது. அவற்றுள் பெரும்பாலானவற்றை மூழ்கடித்தது. பிரிட்டிஷ் கப்பல்போல் தோன்றுவதற்காகப் பொய்யான நான்காம் புகைபோக்கி ஒன்றை நாட்டிக்கொண்டது. பிடித்த கப்பல்களின் நிலக்கரியைக்கொண்டே தன் கொதிகலன்களை இயக்கியது. வணிகக் கப்பல்கள் துறைமுகங்களில் முடங்கின. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. ஆயினும் பிடிபட்ட கப்பல்களின் மாலுமிகளையும் பயணிகளையும் முல்லர் தீங்கின்றி வேறு கப்பலில் ஏற்றி அனுப்பிவைத்தார். கபிங்கா என்னும் கப்பலில் அதன் தலைவரின் மனைவியும் குழந்தையும் இருந்ததால் அதை மூழ்கடிக்காமல் விட்டார். பிரிட்டிஷ் செய்தித்தாள்களே அவரைப் பாராட்டி எழுதின.

செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் சென்னைத் துறைமுகத்தின் எதிரே வந்து நின்ற எம்டன் ஏறத்தாழ 130 குண்டுகளை வீசியது. பர்மா எண்ணெய் நிறுவனத்தின் கிடங்குகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்னும் வணிகக் கப்பலில் ஐவர் உயிரிழந்தனர். உயர்நீதிமன்ற வளாகத்திலும் குண்டு விழுந்தது. அதன் மதிலில் உள்ள கல்வெட்டு இன்றும் அதைக் கூறுகிறது. கட்டடங்களுக்கு நேர்ந்த சேதம் பெரிதன்று. மக்கள் மனத்தில் நேர்ந்ததே பெரிது. ஆயிரக்கணக்கானோர் நகரைவிட்டு உள்நாட்டு ஊர்களுக்குச் சென்றனர். இந்திய மக்களிடையே கவனத்தை எழுப்புவதும் ஆங்கிலேயரின் மதிப்பைக் குலைப்பதும் தம் நோக்கமாக இருந்தன என்று முல்லர் பின்னர்த் தம் அறிக்கையில் எழுதினார். வெல்ல முடியாததெனக் கருதப்பட்ட பேரரசின் வாசலில் ஒரே ஒரு கப்பல் வந்து தீ வைத்துவிட்டுத் தப்பிச் சென்றது. அந்தக் காட்சியை மக்கள் நினைவிலிருந்து அழிக்க இன்னொரு காட்சி வேண்டியிருந்தது. பாறைமீது கிடக்கும் கப்பலின் படம் அந்தத் தேவையை நிறைவேற்றியது.

தமிழகத்தில் அது முழு வெற்றி பெறவில்லை என்பதற்குச் சான்று நம் மொழியே. படத்தைக் கண்டவர் ‘எம்டன்’ என்றால் ‘முடிந்துபோனவன்’ என்று பொருள் கொண்டிருக்க வேண்டும். மக்களோ ‘அசகாய சூரன்’ என்னும் பொருளிலேயே அச்சொல்லைக் காத்தனர். சென்னையில் எரிந்த தீயைக் கண்டவர்களிடமிருந்து வாய்வழி வந்த செய்தி, அரசு பரப்பிய படத்தைவிட வலுவாக இருந்தது. 2006இல் ‘எம்டன் மகன்’ என்று பெயரிடப்பட்ட திரைப்படம், தமிழ்ப் பெயருக்கு வரிவிலக்கு என்னும் விதியின் பொருட்டு ‘எம் மகன்’ ஆயிற்று. பாமரர் தாய்மொழிச் சொல்லாகவே வழங்கும் ஒன்று அயற்சொல்லென அன்றுதான் பலருக்கும் தெரிந்தது.

வாய்வழிச் செய்தியையும் நாம் கண்மூடி ஏற்பதற்கில்லை. செண்பகராமன் பிள்ளை எம்டனில் இருந்து வழிகாட்டினார் என்னும் கதை தமிழகத்தில் நெடுங்காலமாக உலவுகிறது. அவர் அக்காலத்தில் ஐரோப்பாவில் இயங்கினார் என்பதையே ஆவணங்கள் காட்டுகின்றன. வெற்றி பெற்றவரின் படத்தில் ஒரு குறை என்றால், தோற்றவரைப் புகழும் கதையில் வேறொரு குறை. அளவுகோல் இரண்டிற்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். சுப்ராவில் மாண்ட ஐவரை அந்தப் படமும் கூறவில்லை. இந்தப் புகழ்ச்சொல்லும் கூறவில்லை.

கடல் நடுவே தாகம்

மத்னுக்கு வருவோம். படத்தில் காணாத மனிதர் எங்கே?

எம்டனில் அன்று 130க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். சிட்னியில் மாண்டவர் நால்வர். தரைதட்டிய பின்னரும் துயரம் முடியவில்லை. எம்டனின் நிலக்கரிக் கப்பலைத் துரத்திச் சென்ற சிட்னி பிற்பகலில் திரும்பி வந்தது. கொடிமரத்தில் ஜெர்மானியக் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்ததால் மீண்டும் சுட்டது. கொடி இறக்கப்பட்ட பின்னரே சூடு நின்றது. படத்தில் நிமிர்ந்து நிற்கும் அந்த ஒற்றைக் கொடிமரம் இதற்குச் சாட்சி. அதைப் பார்ப்போர் கப்பலில் எஞ்சிய ஓர் உறுப்பாகவே காண்பர். அதன் உச்சியில் இருந்த ஒரு துணிக்காகப் பின்னும் சிலர் உயிரிழந்தனர் என்பதைப் படம் உரைப்பதில்லை.

அதன்பின் சிட்னி இரவோடு இரவாக வேறு கடமைக்குச் சென்றது. மறுநாள் திரும்பும்வரை காயமுற்றோர் எரிந்த தளத்தில் குடிநீரின்றிக் கிடந்தனர். நாற்புறமும் கடல், நாவை நனைக்க நீர் இல்லை. பேரலை பாறையில் மோதியதால் கரைக்கும் எளிதில் செல்ல இயலவில்லை. கடற்பறவைகள் வந்து காயமுற்றோரைக் கொத்தின. நீந்திக் கரையேறிய சிலரும் அங்கே நீரின்றித் துன்புற்றனர். தாகித்தவருக்கு நீர் கொடுப்பதைத் தலையாய தர்மங்களுள் ஒன்றாகக் கருதும் மரபில் வந்த நமக்கு, படத்தின் அடியில் பொங்கும் அந்த வெண்ணுரை இச்செய்தியை அறிந்தபின் வேறாகத் தெரிகிறது. அழகுக்காக அமைந்தது போலிருந்த நுரை, குடிக்க முடியாத நீராக மாறுகிறது.

மறுநாள் வந்த சிட்னியின் மாலுமிகள் பகைவரைக் கனிவுடன் மீட்டனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். காயமுற்றோரைச் சுமந்துகொண்டு கொழும்புத் துறைமுகத்தில் நுழைந்தபோது, ஆரவாரம் வேண்டாம் என்று கிளாசப் கேட்டுக்கொண்டார். துருப்புக் கப்பல்களில் நின்ற ஆயிரக்கணக்கான வீரர்கள் மௌனமாக நின்றனர். முல்லருக்கு அவருடைய வாளை வைத்துக்கொள்ளும் மரியாதை வழங்கப்பட்டது. எம்டனில் கிடைத்த மெக்சிகோ வெள்ளி நாணயங்கள் பதக்கங்களாக்கப்பட்டன. அதன் பீரங்கி ஒன்று சிட்னி நகரப் பூங்காவில் நாட்டப்பட்டது. எஞ்சிய இரும்பை 1950களில் ஜப்பானிய நிறுவனம் ஒன்று வெட்டி எடுத்துச் சென்றது.

ஆயிஷா

கதை முடிந்தது என்று செய்தி போன அதே நாளில், கதையின் ஒரு பகுதி வேறு பாய்மரத்தில் ஏறிக்கொண்டது. அன்று காலை தந்தி நிலையத்தை அழிப்பதற்காக ஹெல்முட் ஃபான் முக்கே என்னும் அதிகாரியின் தலைமையில் ஏறத்தாழ ஐம்பது பேர் டைரக்ஷன் தீவில் இறங்கியிருந்தனர். தம் கப்பல் திரும்பாது என்று கண்டதும், அங்கு நின்ற சிறு பாய்க்கப்பல் ஒன்றைக் கைப்பற்றினர். அதன் பெயர் ஆயிஷா.

முஸ்லிம் பெயரொன்று அக்கடலில் எவ்வாறு வந்தது என்று வியக்கத் தேவையில்லை. கோகோஸ் தீவுகளில் வாழ்ந்தோரில் பெரும்பாலோர் மலாய் மொழி பேசும் முஸ்லிம்களே. 1820களில் அலெக்சாண்டர் ஹேர், ஜான் குளூனிஸ் ராஸ் ஆகியோரால் தென்னந்தோப்பு வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். குளூனிஸ் ராஸ் குடும்பம் பல தலைமுறைகள் அத்தீவுகளைத் தனியுடைமையாக ஆண்டது. கூலியாகக் கொடுக்கப்பட்டவை அக்குடும்பத்தின் கடையில் மட்டுமே செல்லுபடியாகும் வில்லைகள். 1978இல் ஆஸ்திரேலிய அரசு தீவுகளை விலைக்கு வாங்கியது. 1984இல் அம்மக்கள் வாக்களித்து ஆஸ்திரேலியாவுடன் இணைந்தனர். எம்டனின் பெயரால் உலகம் அறிந்த அந்தத் தீவுகளில், குடிமக்களின் பெயர் எந்தப் படத்தின் அடியிலும் எழுதப்படவில்லை.

ஆயிஷாவில் ஏறிய ஜெர்மானியர் சுமத்ராவின் பாடாங் துறைமுகத்தை அடைந்தனர். பின்னர் வேறொரு கப்பலில் ஏறி, 1915 ஜனவரியில் யமனின் ஹுதைதாவில் கரையிறங்கினர். ஏப்ரல் தொடக்கத்தில் ஜித்தாவின் அருகே பாலைவன அரபுகளால் சூழப்பட்டு மூன்று நாள் போரிட்டனர்; மக்கா ஷரீஃபின் மகன் அப்துல்லாஹ் படையுடன் வந்த பின்னரே மீண்டனர். பின்பு அல்உலாவில் ஹிஜாஸ் இரயிலை அடைந்தனர். இந்திய முஸ்லிம்களும் நன்கொடை அளித்து உருவான இரயில் பாதை அது. மே மாதத்தில் அவர்கள் இஸ்தன்பூல் சேர்ந்தனர். பாறையில் நின்றுபோன கப்பலின் மாந்தர் சிலர் ஹஜ்ஜுப் பாதை வழியாக நடந்தனர் என்பதை அறிந்தபின், இப்படத்தைத் தொலைவிலுள்ள பிறருடைய போரின் படமாக மட்டும் பார்க்க நம்மால் இயலவில்லை.

இரண்டாவது படம்

எம்டன் தரைதட்டி ஐந்து நாள் கழித்து, 1914 நவம்பர் 14ஆம் நாள், இஸ்தன்பூலில் உஸ்மானிய அரசு ஜிஹாது அறிவித்தது. சிங்கப்பூரில் அப்போது காவலில் இருந்த பிரிட்டிஷ் இந்தியப் படைப்பிரிவு, வடஇந்திய முஸ்லிம்களைக் கொண்ட ஐந்தாம் இலகு காலாட்படை. எம்டனின் துணைக்கப்பல்களிலிருந்து பிடிபட்ட ஜெர்மானியர் டாங்ளின் முகாமில் அப்படையின் காவலில் வைக்கப்பட்டிருந்தனர். லாவ்டர்பாக் என்னும் எம்டன் அதிகாரியும் அவர்களுள் ஒருவர். துருக்கியரோடு போரிட அனுப்பப்படுவோம் என்னும் அச்சம், படைப்பிரிவுக்குள் நிலவிய பூசல், கைதிகளின் பேச்சு, எல்லாம் கலந்து 1915 பிப்ரவரி 15ஆம் நாள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். படைவீரர்களோடு போரில் தொடர்பற்ற பொதுமக்களும் அவர்கள் கையால் கொல்லப்பட்டனர்; இதை மறைத்து எழுதுவது நீதியாகாது. முகாமின் கதவைத் திறந்துவிட்டபோது ஜெர்மானியரில் பெரும்பாலோர் வெளியே வர மறுத்தனர். லாவ்டர்பாக் உள்ளிட்ட சிலர் தப்பிச் சென்றனர்.

சில நாள்களில் கிளர்ச்சி அடக்கப்பட்டது. நாற்பதுக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் அவுட்ரம் சிறைச்சாலையின் மதிலுக்கு வெளியே, திரண்ட கூட்டத்தின்முன் சுட்டுக் கொல்லப்பட்டனர். மார்ச் 25ஆம் நாள் ஒரே நேரத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். அதற்கும் நிழற்படம் உண்டு. மதிலையொட்டி வரிசையாக நிறுத்தப்பட்ட மனிதர். எதிரே துப்பாக்கி ஏந்திய வரிசை.

இவ்விரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்குமாறு வாசகரை வேண்டுகிறோம். ஒன்றில் கப்பலுக்குப் பெயர் உண்டு, மனிதர் இல்லை. மற்றொன்றில் மனிதர் உண்டு, பெயர் இல்லை. ஒன்றில் தோற்ற தலைவனுக்கு வாள் திரும்பக் கிடைத்தது; அவனுடைய மாலுமிகள் பின்னாளில் தம் குடும்பப் பெயரோடு எம்டன் என்பதையும் சேர்த்துக்கொள்ள உரிமை பெற்றனர். மற்றொன்றில் நின்றவர்களின் ஊரையும் பெற்றோரையும் நினைவில் வைக்க எவரும் முயலவில்லை. போர்க்கைதிக்கும் கலகம் செய்த படைவீரனுக்கும் சட்டம் வேறு என்பதை நாம் அறியாமல் இல்லை. இங்கு நாம் சட்டத்தைப் பேசவில்லை, காட்சியைப் பேசுகிறோம். எதைக் காட்ட வேண்டும், யாருக்குக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்த கை இரண்டிலும் ஒன்றே. முதற்படம் பிரிட்டிஷ் மக்களுக்கும் நேச நாடுகளுக்கும் ஆறுதலாக அமைந்தது. இரண்டாம் காட்சி குடியேற்ற நாட்டு மக்களுக்கு எச்சரிக்கையாக அமைந்தது.

அந்த எச்சரிக்கை யாரைச் சென்றடைந்தது? கிளர்ச்சிக்குப்பின் சிங்கப்பூரில் வாழ்ந்த இந்தியர் யாவரும் தம் பெயரைப் பதிவுசெய்து அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. 1826இலேயே ஜாமிஆ சூலியா பள்ளிவாசலைத் தோற்றுவித்து, அதனருகே நாகூர் ஆண்டகை நினைவிடத்தையும் எழுப்பி வாழ்ந்த தமிழ் முஸ்லிம்களுக்கும் அவ்வாணை பொருந்தியது. படைமுகாமைக் கண்டிராத கடைக்காரரும், காசுமாற்றுபவரும், துறைமுகத் தொழிலாளரும் தாம் யார் என்பதை ஒரு தாளைக் காட்டி மெய்ப்பிக்க வேண்டியவராயினர். சந்தேகம் ஒரு சிலரைத் தொட்டதும் ஒரு சமூகம் முழுவதன் மேலும் படியும் வழக்கத்தை நம் தலைமுறை நன்கறியும்.

மறுபக்கம்

நம் ஊரில் பட்டு வாங்க வரும் விவரமறிந்தோர் சேலையின் முகப்பை மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை. முந்தியைப் புரட்டி மறுபக்கத்தைப் பார்ப்பர். கரையும் உடலும் கோக்கப்பட்ட இடம், அறுந்து முடிச்சிட்ட இழை, நெய்தவர் கையின் தடுமாற்றம், யாவும் அங்கேதான் தெரியும். நிழற்படத்திற்கு அத்தகைய மறுபக்கம் இல்லை. அதை நாமே தேடிச் சேர்க்க வேண்டும். எம்டன் படத்தின் மறுபக்கத்தில் சுப்ராவின் ஐவர் உள்ளனர். நீரின்றித் துடித்த ஜெர்மானிய மாலுமிகள் உள்ளனர். வில்லைக்கு உழைத்த கோகோஸ் மலாய் மக்கள் உள்ளனர். அவுட்ரம் மதிலில் நின்ற சிப்பாய்களும், அவர்களால் கொல்லப்பட்டோரும், அனுமதிச் சீட்டு ஏந்திய நம் முன்னோரும் உள்ளனர்.

குர்ஆன் கப்பல்களைச் சிந்திப்போர்க்குரிய சான்றுகளாகப் பல இடங்களில் குறிப்பிடுகிறது. அழிந்தோரின் எச்சங்களைச் சென்று காணுமாறும் பணிக்கிறது. காண்பதன் பயன் இப்ரத், படிப்பினை. வென்றவரோடு சேர்ந்து மகிழ்வதோ, தோற்றவரை வீரராக்கிக் களிப்பதோ படிப்பினை ஆகாது. இருவரும் மறந்தவரை நினைவில் கொள்வதே படிப்பினையின் தொடக்கம் என்று கருதுகிறோம். அதற்குச் செய்ய வேண்டிய வேலையும் உண்டு. பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு, இரங்கூன் சென்று திரும்பிய குடும்பங்களின் பெட்டிகளில் பழைய சீட்டுகள், கடிதங்கள், படங்கள் இன்னும் கிடக்கின்றன. கறையான் அரிக்குமுன் அவற்றின் பின்னே, இவர் யார், எடுத்தவர் யார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று ஒரு வரி எழுதிவைத்தால், அதுவே ஓர் இஸ்னாத் ஆகும். பெயரில்லாத படங்களின் வரிசையில் நம் வீட்டுப் படங்களும் சேராமலிருக்கும்.

இவையனைத்தையும் வகுப்பில் கூறி முடித்தபோது, அந்த மாணவர் மீண்டும் எழுந்தார். “அப்படியானால் இந்தப் படத்தில் ஆட்கள் விடுபட்டது அம்தனா, கதஅனா, ஹஜ்ரத்?” என்று கேட்டார். எடுத்தவரின் உள்ளத்தை அல்லாஹ்வே அறிவான். நிய்யத்தைப் பற்றித் தீர்ப்பளிக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் விடுபட்டோர் யாரென அறிந்த பின்னரும் நாம் அவர்களை விட்டுவிட்டால், அது அம்தன்தான் என்று விடை கூறினோம்.